பேரலல் அல்காரிதம்: பங்கு பிரிப்பதில் நடக்கும் தவறுகள்

ஒரே வேலையைக் கணினியின் பல கோர்களுக்கு (செயலிக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்) பிரித்துக் கொடுத்து ஒரே நேரத்தில் செய்ய வைப்பதுதான் பேரலல் அல்காரிதம். எட்டுக் கோர் இருந்தால் வேலை எட்டு மடங்கு சீக்கிரம் முடியும் என்று நம்பித்தான் நிரல் எழுத உட்காருகிறோம். பல சமயம் இரண்டு மடங்குகூட வருவதில்லை. நான் பார்த்தவரை, வேலையைப் பங்கு பிரிக்கிற இடத்திலும் திரும்ப ஒன்று சேர்க்கிற இடத்திலும்தான் கோளாறு இருக்கிறது.

ஒருமுறை சென்னை முகவரிகளைப் பின்கோடுபடி அடுக்க, முதல் மூன்று இலக்கங்களை வைத்து, கோருக்கு ஒன்றாகப் பக்கெட் (தரவின் ஒரு பங்கு) பிரித்தேன். சென்னையில் எல்லாமே 600. ஏழு கோர் சும்மா இருக்க, ஒன்று மட்டும் மொத்தச் சுமையையும் இழுத்தது. பக்கெட்டின் எல்லைகளை நாமாக ஊகிக்கக் கூடாது. தரவிலிருந்தே சில நூறு மாதிரிகளை எடுத்து, அடுக்கி, சம இடைவெளியில் எல்லை குறிக்க வேண்டும். இதுதான் சாம்பிள் சார்ட், அதாவது மாதிரி பார்த்து அடுக்கும் முறை. அப்போதும் தி.நகரின் 600017 மட்டும் லட்சம் தடவை வந்தால் அத்தனையும் ஒரே பக்கெட்டில் விழும். பின்கோடோடு வரிசை எண்ணையும் சேர்த்து ஒப்பிட்டால் அதுவும் பிரிந்துவிடும்.

பட்டியலைப் பாதி பாதியாகப் பிரித்து, அடுக்கி, பிறகு இணைக்கும் மெர்ஜ் சார்ட்டில் தவறு கடைசியில் ஒளிந்திருக்கிறது. இரு பாதிகளையும் தனித்தனிக் கோரில் அடுக்கிவிட்டு, இணைப்பதை மட்டும் ஒரே கோரிடம் விடுகிறோம். 10 லட்சம் எண்களுக்கு இப்படிச் செய்தால், எத்தனை கோர் கொடுத்தாலும் வேகம் சுமார் 10 மடங்கைத் தாண்டாது. இணைப்பையும் பிரிக்கலாம்: ஒரு பட்டியலின் நடு எண்ணை எடுத்து, இன்னொன்றில் அதன் இடத்தை பைனரி சர்ச்சில் (பாதி பாதியாகக் குறைத்துத் தேடுவது) கண்டுபிடித்தால், ஒன்றையொன்று சாராத இரண்டு இணைப்புகள் கிடைக்கும். அப்புறம், சில ஆயிரம் எண்களுக்குக் கீழே போனால் பிரிப்பதை நிறுத்திவிடுங்கள். கோரிடம் தனி வேலையாகக் கொடுக்கும் த்ரெட்டை உருவாக்கும் செலவே வேலையை விட அதிகமாகிவிடும்.

சொல் தேடும்போது வெட்டுகிற இடம்தான் ஆபத்து. ‘திருவல்லிக்கேணி’யைத் தேடுகிறோம், ஒரு துண்டு ‘திருவல்’ என்று முடிந்து அடுத்தது ‘லிக்கேணி’ என்று தொடங்கினால் இரண்டு கோருமே அதைத் தவறவிடும். துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் படிய வேண்டும். எவ்வளவு? சொல்லின் நீளத்தில் ஒன்று குறைவாக. இங்கே எட்டு எழுத்துதானே என்று ஏழு பைட் வைத்தால் போச்சு. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் அது 15 குறியீடுகள், அவற்றைக் கோப்பில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 45 பைட். ஆகவே 44 பைட் வேண்டும். இருக்கட்டுமே என்று 100 வைத்தால் ஒரே சொல் இரண்டு தடவை எண்ணப்படலாம். தன் துண்டுக்குள் தொடங்குவதை மட்டும் எண்ணு என்று ஒவ்வொரு கோருக்கும் விதி வைத்துவிட்டால் கவலையில்லை.

தேடும் சொல்லே தெரியாது, திரும்பத் திரும்ப வரும் தொடர்களைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் இந்த உத்தி உதவாது, நீளம்தான் தெரியாதே. 1972இல் கார்ப், மில்லர், ரோசன்பெர்க் என்ற கணினி அறிஞர்கள் மூவரும் காட்டிய வழி இங்கே கைகொடுக்கும். ஒவ்வோர் இடத்துக்கும் முதல் எழுத்தை வைத்து ஓர் எண் கொடுங்கள். அடுத்த சுற்றில் பக்கத்து எண்ணோடும், அதற்கடுத்த சுற்றுகளில் 2, 4, 8 இடம் தள்ளியிருக்கும் எண்ணோடும் ஜோடி சேர்த்து, அடுக்கி, ஒரே ஜோடிக்கு ஒரே எண் வரும்படி புது எண் கொடுங்கள். நீளம் 1, 2, 4, 8 என்று இரட்டிக்கும். 10 லட்சம் எழுத்துள்ள உரைக்கு 20 சுற்று போதும். ஆனால் ஒவ்வொரு சுற்றும் ஒரு சார்ட். ஒரே எழுத்து மறுபடி மறுபடி வரும் உரையில், 600017க்கு நடந்ததேதான் இங்கும் நடக்கும்.