வேனுக்கு வெளிக்கரண்ட் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்திரை கழிந்து கடல் அடங்கியதும் திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் படுக்கை, அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் பொருத்திய வேன்கள் வரத் தொடங்கிவிடும். பகலில் புறாத்தீவு, பின்னேரம் கோணேசர் கோயில், இரவில் ஏதாவது ஒரு விடுதி வளவுக்குள் வேனை விட்டுவிட்டுப் படுக்கை. "அண்ணை, வேனுக்குக் கொஞ்சம் கரண்ட் எடுக்கலாமோ?" "ஓம் தம்பி, அந்த யன்னலுக்குப் பக்கத்தில பிளக் பொயின்ட் இருக்கு, குத்துங்கோ." அவ்வளவுதான் பேச்சு. லைட் எரிந்து ஏசியும் ஓடிவிட்டால் எல்லாம் சரி என்று படுத்துவிடுகிறார்கள். லைட் எரிய இரண்டு வயர் போதும். கசியும் கரண்டை நிலத்துக்குக் கொண்டுபோகும் மூன்றாவது வயரான எர்த் இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் மிகக் குறைவு. வேனில் நடக்கக்கூடிய மின் விபத்துகளில் மோசமானவை அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கின்றன.

லண்டனிலோ ஜெர்மனியிலோ இருக்கும் சொந்தக்காரர்கள் கேரவன் எடுத்துக்கொண்டு போனால், முகாம் இடத்தில் இதற்கென்றே ஒரு கம்பம் நிற்கும். அதில் நீல நிற வட்டப் பிளக், மழை படாத மூடி, உள்ளே பிரேக்கர், 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் (கரண்ட் கசிந்தால் தானே விழுந்து, அதாவது ஓஃப் ஆகி, கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) எல்லாம் இருக்கும். நம் பக்கத்தில் பெரும்பாலும் வீட்டுப் பிளக் பொயின்ட்டில் இருந்துதான் எடுக்கிறோம். அந்தக் கம்பம் செய்கிற காவலை இங்கே நாம்தான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான் முதலில் நிறுத்தச் சொல்வது பேனா மூடியால் குத்தும் பழக்கத்தை. 13 ஆம்பியர் பொயின்ட்டின் மேல் ஓட்டைக்குள் பேனா மூடியையோ ஈர்க்குக் குச்சியையோ விட்டால் கீழ் இரண்டு ஓட்டைகளின் மூடியும் திறக்கும். பிறகு இரண்டு முள் பிளக்கை அதில் செருகிவிடலாம். நம் வீடுகளில் எல்லோரும் பார்த்த வேலைதான். ஆனால் அந்த மேல் ஓட்டைதான் எர்த். அங்கே வர வேண்டிய நீள முள், மூடியைத் திறப்பதோடு வேனின் இரும்பு உடம்பையும் எர்த்தோடு இணைக்கிறது. சதுர முள் பிளக்குக்குள் இருக்கும் ஃபியூசும் இரண்டு முள் பிளக்கில் கிடையாது. ஃபோன் சார்ஜரை இப்படிக் குத்துவதே சரியில்லை. ஒரு முழு வேனையும் இப்படிக் குத்தினால், வேன் ரப்பர் டயரில் நிற்பதால் அதன் உடம்புக்கு நிலத்தோடு எந்தத் தொடர்பும் இருக்காது. உள்ளே எங்காவது ஒரு வயர் உராய்ந்து தகரத்தில் பட்டால் முழு உடம்பிலும் 230 வோல்ட் ஏறி, எதுவும் நடக்காதது போல அப்படியே நிற்கும். கடலில் குளித்துவிட்டு ஈரக் காலோடு மணலில் நின்று கதவைப் பிடிக்கும் பிள்ளைதான் நிலத்துக்கு வழி கொடுக்கும்.

சரி, மூன்று முள்ளும் சரியாகவே இருக்கிறது. எர்த் உண்மையில் வேலை செய்கிறதா? நம் நாட்டில் வீட்டு எர்த் என்பது அந்த வீட்டு வளவுக்குள்ளேயே நிலத்தில் அடித்து இறக்கிய உலோக ரொட். கச்சான் காற்று வீசி, மாதக்கணக்கில் மழை இல்லாமல் காய்ந்து கிடக்கும் கடற்கரை மணல் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. உதாரணத்துக்கு அந்த ரொட்டின் தடை 100 ஓம் என்று வையுங்கள். வேன் உடம்பில் லைவ், அதாவது கரண்ட் வரும் வயர், பட்டால் எர்த் வழியாக ஓடுவது 230ஐ 100ஆல் வகுத்தால் வரும் 2.3 ஆம்பியர்தான். 13 ஆம்பியர் ஃபியூஸ் அதற்கு அசையவே அசையாது. ஏசி ஓடிக்கொண்டே இருக்கும், உடம்பும் லைவாகவே இருக்கும். அதே இடத்தில் 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருந்தால், அதை விழுத்தத் தேவையானதைவிட 2.3 ஆம்பியர் எத்தனையோ மடங்கு. கண் இமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். ஆகவே மணல் பகுதியில் எர்த்தை மட்டும் நம்பக்கூடாது, ட்ரிப் சுவிட்ச்சை மட்டும் நம்பவும் கூடாது. எர்த் இல்லாமல் ட்ரிப் சுவிட்ச் மட்டும் இருந்தால், கசியும் கரண்டுக்குப் போக வழி இல்லை. ஆள் தொட்ட பிறகுதான் அது விழும்.

அதனால் குத்துவதற்கு முன் விடுதிக்காரரிடம் மெயின் போர்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, அவருடைய வீட்டுக்கும் நல்லதுதான். ட்ரிப் சுவிட்ச்சில் 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்க வேண்டும். 100, 300 என்று இருந்தால் அது நெருப்பைத் தடுப்பதற்கானது, ஆளைக் காப்பாற்ற அதை நம்ப முடியாது. அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அமத்தினால் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அன்று கரண்ட் எடுக்க வேண்டாம், பேட்டரியில் ஓட்டலாம். இன்னொன்று: டெஸ்ட் பட்டன் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று மட்டும்தான் சொல்லும், எர்த்தைப் பற்றி எதுவும் சொல்லாது. எர்த் வயர் பொயின்ட் வரை வந்திருக்கிறதா என்று பார்க்க, மூன்று பல்பு உள்ள சின்ன சொக்கெட் டெஸ்டர் ஒன்றைக் கையோடு வைத்திருங்கள். அதுகூட நிலத்தில் இருக்கும் ரொட் எவ்வளவு நல்லது என்று சொல்லாது. வேனுக்குள்ளும் தனியாக ஒரு 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் போட்டு வைப்பதே நிம்மதி.

வேன் கதவைத் தொடும்போது விரலில் விறுவிறு என்று ஓடினால், "அது சும்மா, லேசா அடிக்குது" என்று விடாதீர்கள். எர்த் அறுந்த வேனில் பேட்டரி சார்ஜர் போன்ற சாமான்களே வேன் உடம்பில் கொஞ்சம் வோல்டேஜை ஏற்றிவிடும். அந்த விறுவிறுப்பால் மட்டும் ஆள் சாக மாட்டார் என்றாலும், எர்த் இல்லை என்பதை அது தெளிவாகச் சொல்கிறது. உடனே பொயின்ட் பக்கம் ஓஃப் பண்ணிப் பிளக்கைக் கழற்றுங்கள்.

உள்ளூரில் செய்த சில வேன்களில் பார்க்கும் ஒரு வேலை மிகவும் பயமானது. வேனின் வெளிப்பக்கத்தில் வீட்டுச் சுவரில் பூட்டுவது போன்ற சாதாரண பிளக் பொயின்ட் ஒன்றைப் பூட்டி, இரண்டு பக்கமும் முள் வைத்த வயர் ஒன்றால் விடுதியிலிருந்து கரண்ட் கொடுப்பார்கள். வேன் பக்கத்து முனை கழன்று விழுந்தால், கரண்ட் உள்ள முட்கள் மணலில் அப்படியே திறந்து கிடக்கும். இப்படி ஒரு வயர் உங்களிடம் இருந்தால் இன்றே வெட்டி எறியுங்கள். வேனில் கரண்டை உள்ளே எடுக்கும், முள் உள்ளே ஒதுங்கிய நீல இன்லெட் இருக்க வேண்டும், வயரின் வேன் பக்க முனையில் ஓட்டைதான் இருக்க வேண்டும்.

வயரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 25 மீட்டருக்கு மேல் போகாத, 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு, மூன்று கோர் (உள்ளே எர்த்தோடு சேர்த்து மூன்று வயர்), தடித்த ரப்பர் உறை. டீவிக்கு வாங்கிய மெல்லிய எக்ஸ்டென்ஷன் கோட் வேண்டாம். உருளையில் சுற்றிய வயராக இருந்தால் கடைசிச் சுற்று வரை அவிழ்த்து விடுங்கள். சுற்றியபடி ஏசியை ஓட்டினால் நடுவில் வெப்பம் போக வழியில்லாமல் உறை உருகும். வீட்டு 13 ஆம்பியர் பொயின்ட் தரக்கூடியது ஏறக்குறைய 3000 வாட். ஏசி 1200, ரைஸ் குக்கர் 700, கேத்தல் 2000 என்று மூன்றும் சேர்ந்தால் எல்லை தாண்டிவிடும். சமைக்கும்போது ஏசியை நிறுத்துங்கள். அரை மணித்தியாலம் ஓடிய பிறகு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் உள்ளே இணைப்பு தளர்ந்திருக்கிறது.

இணைக்கும்போது முதலில் வேன் பக்கம், பிறகு பொயின்ட். கழற்றும்போது முதலில் பொயின்ட். அப்போதுதான் கையில் இருக்கும் முனையில் கரண்ட் இருக்காது.

ஐப்பசி முதல் மார்கழி வரை வருகிறவர்கள் மழைக்குப் பயந்து இணைப்பின் மேல் ஷொப்பிங் பேக்கைச் சுற்றிக் கட்டுவார்கள். உள்ளே வியர்த்து நீர் தேங்கி அது இன்னும் மோசமாகும். இணைப்பை நிலத்திலிருந்து தூக்கி வைத்து, வயரைப் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்க விட்டால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கடற்காற்று வேறு விதமாகக் கெடுக்கும்: முள்ளில் பச்சைக் களிம்பும், உள்ளே ஆணியில் கறலும் பிடிக்கும். அப்படிப்பட்ட பிளக்கைச் சுரண்டிப் பாவிப்பதைவிட மாற்றிவிடுவது மலிவு.

கனடாவிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே 120 வோல்ட், இங்கே 230. சாமானின் லேபலில் 100–240 என்று இல்லாவிட்டால், பிளக் அடப்டர் போட்டாலும் எரிந்துவிடும்.

யாருக்காவது அடித்துவிட்டால் ஆளைத் தொடாமல் முதலில் மெயினை ஓஃப் பண்ணுங்கள். அது முடியாவிட்டால் காய்ந்த தடியாலோ பிளாஸ்டிக் கதிரையாலோ வயரைத் தள்ளிவிட்டு, சுவசெரிய அம்புலன்சுக்கு 1990 அடியுங்கள். மூச்சு இல்லையென்றால் அம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டே இருங்கள். ஆள் எழுந்து நன்றாகப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இதயத் துடிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.