ஹிஸ்டோன் பாடம் குழப்புகிறதா? மின்சுமையைப் பாருங்கள்

டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதமான ஹிஸ்டோனில் அசிட்டைல் என்ற சிறு வேதித் தொகுதி சேர்ந்தால் மரபணு திறக்குமா, மூடுமா என்று மனப்பாடம் செய்யாதீர்கள். டிஎன்ஏவுக்கு எதிர்மின்சுமை, ஹிஸ்டோனின் வால் போல நீண்ட முனையில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்துக்கு நேர்மின்சுமை. எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்த உருண்டையை டிஎன்ஏவின் 147 கார இணைகள், பாபினில் நூல் சுற்றுவது போல, இரண்டு சுற்றுக்குச் சற்றுக் குறைவாக இறுக்கிப் பிடித்திருப்பது இந்த ஈர்ப்பால்தான். சரி, லைசினில் அசிட்டைல் ஒட்டினால்? நேர்மின்சுமை போய்விடும், பிடி தளரும், மரபணுவைப் படியெடுக்கும் ஆர்என்ஏ பாலிமரேஸ் நொதி நெருங்க வழி கிடைக்கும். அசிட்டைலை நீக்கினால் மறுபடி இறுகும்.

மெத்தில் என்ற இன்னொரு தொகுதி சேர்ந்தால் வேறு கதை. அது மின்சுமையை மாற்றாது. எந்த லைசின் என்றுதான் பார்க்க வேண்டும். எச்3 என்ற வகை ஹிஸ்டோனின் 4-ஆவது லைசினில் மூன்று மெத்தில் இருந்தால் மரபணு இயங்குகிறது என்று அடையாளம். 27-ஆவதில் இருந்தால் அடங்கியிருக்கிறது. இந்த இரண்டு எண்களை மட்டும் நோட்டில் பெரிதாக எழுதி வையுங்கள்.