"0-499" என்றால் எத்தனை பைட்?

"பத்துக்குள் ஓர் எண் சொல்லு" என்றால் பத்தையே சொல்லலாமா, கூடாதா? விளையாட்டில் சிரித்துவிட்டுப் போய்விடலாம். இணையத் தரநிலை ஆவணத்தில் இப்படி ஒரு வரி இருந்தால், ஒருவர் எழுதிய சர்வர் பத்தை ஏற்கும். இன்னொருவர் எழுதிய சர்வர் பிழை என்று தள்ளும். இருவரும் படித்தது ஒரே ஆவணம்தான்.

வரம்பு எழுதுவதில் பெரும்பாலும் கோட்டைவிடுவது முனை எண்ணில். இணையப் பக்கங்களைக் கேட்டு வாங்கும் நெறிமுறையான எச்டிடிபியில் கோப்பின் ஒரு பகுதியை மட்டும் கேட்க "0-499" என்று அனுப்பினால் 500 பைட் வரும். இரண்டு முனையும் சேர்த்தி. பைத்தான் நிரல்மொழியில் 0:500 என்று வெட்டினாலும் 500 பைட்தான், ஆனால் அங்கே கடைசி எண் சேராது. பைத்தான் பழகிய கை எச்டிடிபிக்குப் போய் 0-500, 500-1000 என்று துண்டு கேட்கும். 500 என்ற இடத்தில் உள்ள பைட் இரண்டு முறை வந்து, ஒட்டிய கோப்பு கெட்டுப்போகும்.

அதே எச்டிடிபியில் "-500" என்றால் கடைசி 500 பைட். மைனஸ் 500 அல்ல. எதிர்மறை எண் வர வாய்ப்புள்ள இடத்தில் கோடு போட்டு வரம்பு எழுதவே கூடாது என்பது என் கட்சி. "குறைந்தது 0, அதிகபட்சம் 499, இரண்டும் சேர்த்தி" என்று நீட்டி எழுதினால் அழகு குறையும்தான், குறையட்டும்.

அலகை விட்டுவிடுவதும் உண்டு. டிஎன்எஸ் (இணையப் பெயர்களை முகவரியாக மாற்றும் அமைப்பு) பெயரில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள துண்டுக்கு உச்சம் 63. அது 63 எழுத்து அல்ல, 63 பைட். தமிழில் பெயர் வைத்தால் பியூனிகோடாக (ஆங்கில எழுத்து, எண், கோடு மட்டும் கொண்ட வடிவம்) மாற்றிய பிறகுதான் எண்ண வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கோளாறு, எல்லை தாண்டிய எண்ணை என்ன செய்வது என்று சொல்லாமல் விடுவது. டிஎன்எஸ்ஸுக்காக 1987-இல் வந்த ஆர்எஃப்சி 1035 என்ற தரநிலை ஆவணம், டிடிஎல்லை (ஒரு பதிவை எத்தனை நொடி சேமித்து வைக்கலாம் என்ற எண்ணை) ஓரிடத்தில் சைன்டு (எதிர்மறையும் வரக்கூடிய) 32 பிட் எண் என்கிறது, இன்னோரிடத்தில் அன்சைன்டு (எதிர்மறை வராத) என்கிறது. அப்படியானால் உச்சம் 2147483647-ஆ, 4294967295-ஆ? 1997-இல் ஆர்எஃப்சி 2181 முதலாவதைத் தேர்ந்தெடுத்தது. உச்ச பிட் 1 ஆக வந்தால், அதாவது எண் அந்த உச்சத்தைத் தாண்டினால், மொத்தத்தையும் 0 என்று கொள்ளச் சொன்னது. தீர்ந்தது என்று பார்த்தால், 2020-இல் ஆர்எஃப்சி 8767 அதை மாற்றிவிட்டது: அத்தகைய மதிப்பை நேர்மறை எண்ணாகவே எடு, பிறகு 7 நாள் போன்ற ஓர் உச்சத்துக்குள் குறைத்துக்கொள் என்கிறது. ஆக, 1997-ஐப் படித்து எழுதிய நிரலில் உடனே காலாவதியாகும் பதிவு, 2020-ஐப் படித்து எழுதியதில் ஒரு வாரம் தங்கும்.