வரைபடத்தில் மீன்முள் குறி இருக்கிறதா? தள்ளிப் போங்கள்

அமெரிக்காவில் மிச்சிகன், ஹியூரான் ஏரிகளில் சின்னப் படகு எடுத்துப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். ஆழம் குறைந்த கரையோரங்களில் பெயர்கூடத் தெரியாத பழைய மரக்கப்பல்கள் மூழ்கிக் கிடக்கின்றன, குளிர்ந்த நன்னீரில் மரம் லேசில் மக்காது, அதில் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு இரும்பு ஆணி போதும், ஃபைபர் படகின் அடியைக் கிழித்துவிடும். படகோட்டிகளுக்கான நீர்வழி வரைபடத்தில் மீன்முள் மாதிரி ஒரு குறியும் சுற்றிலும் புள்ளி வளையமும் இருந்தால் அங்கே அப்படியொரு மூழ்கிய கப்பல் ஆபத்தாகக் கிடக்கிறது என்று பொருள். பக்கத்தில் 'பி.ஏ.' (PA, Position Approximate) என்றிருந்தால் இடமே தோராயம், ஜிபிஎஸ்ஸை நம்பி ஒட்டிப் போகாதீர்கள்.

அப்புறம், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: இந்த இரு ஏரிகளின் வரைபடத்தில் உள்ள ஆழமெல்லாம் கடல் மட்டத்துக்கு மேல் 577.5 அடி என்ற நீர்மட்டத்திலிருந்து கணக்கிட்டது. 2013 ஜனவரியில் நீர்மட்டம் 576 அடிக்கு இறங்கியது, அதாவது 4 அடி என்று போட்டிருந்த இடத்தில் இரண்டரை அடிதான். எனவே கிளம்பும் முன் அன்றைய நீர்மட்டத்தைப் பாருங்கள்.

வரைபடத்தில் இல்லாத கப்பல் சிதைவு கண்ணில் பட்டால் வந்த வழியே மெதுவாகப் பின்வாங்கி, இடத்தைக் குறித்துக்கொண்டு, படகு வானொலியில் விஎச்எஃப் 16ஆம் அலைவரிசையில் கடலோரக் காவல்படைக்குச் சொல்லிவிடுங்கள்.