காற்றுத் துப்பாக்கிக் குழலைச் சுத்தம் செய்வதும் பழக்குவதும்

வெடிமருந்துத் துப்பாக்கியைச் சுட்ட அன்றே குழலைத் துடைத்து எண்ணெய் பூசிவிட வேண்டும் என்பது பழைய பாடம். எரிந்த மருந்தின் கசடு குழலுக்குள் தங்கிவிடும் என்பதால் அங்கே அது சரி. அந்தப் பாடத்தை அப்படியே காற்றுத் துப்பாக்கிக்கும் பொருத்திப் பார்த்து, கம்பியும் பிரஷுமாகத் தேய்த்துக் கெடுத்த குழல்கள், அழுக்கினால் கெட்டவற்றைவிட அதிகம் என்பது என் எண்ணம். காற்றுத் துப்பாக்கியில் எரிவதற்கென்று எதுவும் இல்லை. அழுத்தக் காற்று ரவையைத் தள்ளுகிறது. குழலில் மிஞ்சுவதெல்லாம் ரவை உரசிச் சென்ற ஈயமும், ரவையின் மேல் பூசியிருந்த எண்ணெயும், ஸ்பிரிங் துப்பாக்கியானால் காற்றறையிலிருந்து கசிந்துவரும் சிறிது கிரீஸும்தான்.

இந்த ஈயத்தை முழு எதிரியாக நினைக்கக் கூடாது. விட்டம் 4.5 மி.மீ. ஆனாலும் 5.5 மி.மீ. ஆனாலும், இடை சிறுத்த அந்த ரவையின் பின்பக்கப் பாவாடைப் பகுதி மெல்லிய ஈயத்தால் ஆனது. காற்றழுத்தத்தில் அது விரிந்து, குழலின் உட்சுவரில் சுருளாக வெட்டியிருக்கும் புரிகளோடு ஒட்டி உராய்ந்தபடியே ஓடுகிறது. குழலைக் குடைந்தபோது உண்டான நுண்ணிய கீறல்களில் அந்த உரசலின் ஈயம் படிந்து, சில பத்துச் சுடுதல்களில் ஒரு மெல்லிய படலமாகிவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு ரவையும் ஒரே மாதிரியான பரப்பின் மீது ஓடுவதால், வேகமும் திசையும் சீராக இருக்கும். படலம் திட்டுத்திட்டாகத் தடித்துப்போகும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. புரிகள் தொடங்கும் இடத்திலும், பல குழல்களில் வாயருகே வேண்டுமென்றே இறுக்கிச் செய்திருக்கும் பகுதியிலும் ஈயம் முதலில் சேரும். வேகம் கூடக்கூட இது கூடும். விநாடிக்கு 170 மீட்டர் அளவில் சுடும் பத்து மீட்டர் போட்டித் துப்பாக்கியைவிட, 270 மீட்டரைத் தாண்டிச் சுடும் துப்பாக்கியில் ஈயம் சீக்கிரம் ஒட்டும்.

எனவே இத்தனை நாளுக்கு ஒருமுறை, இத்தனை ரவைக்கு ஒருமுறை என்று கணக்கு வைத்துத் துடைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. கேட்க வேண்டியது இலக்கு அட்டையைத்தான். காற்றில்லாத இடத்தில், துப்பாக்கியைத் தாங்கியின் மேல் வைத்து, வழக்கமான ரவையால், வழக்கமான தூரத்தில் ஐந்தைந்து ரவைகளாக நான்கு அட்டைகள் சுடுங்கள். முன்பு ஒரே துளையாக விழுந்த ஐந்தும் இப்போது நான்கு அட்டைகளிலும் சிதறியிருந்தால் குழலைச் சந்தேகிக்கலாம். ஓர் அட்டை மட்டும் மோசமாக வந்தால் அது பெரும்பாலும் சுடுபவரின் கை. பத்து மீட்டர் ரைஃபிள் போட்டி இலக்கில் பத்தாம் வளையம் 0.5 மி.மீ. விட்டமுள்ள வெறும் புள்ளி. அந்த அளவில் கையின் தவறையும் குழலின் தவறையும் ஒற்றை அட்டையை வைத்துப் பிரித்தறிய முடியாது.

குழலைத் தொடுவதற்கு முன் வேறு சிலவற்றையும் பார்த்துவிடுங்கள். துப்பாக்கியின் உலோகப் பகுதியைக் கட்டையோடு இணைக்கும் கட்டைத் திருகுகள் தளர்ந்திருக்கலாம், ஸ்கோப் பிடிப்பு நகர்ந்திருக்கலாம், குழலையே மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் மடக்கும் துப்பாக்கியானால் குழலின் கீலில் ஆட்டம் இருக்கலாம், ரவையை நுழைக்கும் பின்வாயில் உள்ள சீல் வளையம் தேய்ந்திருக்கலாம். வாய் விளிம்பையும் சோதிக்க வேண்டும்: பஞ்சுக் குச்சி ஒன்றைக் குழல்வாயில் சற்றே நுழைத்து, உள்ளிருந்து வெளியே விளிம்பின் மேல் எல்லாத் திசையிலும் மெதுவாக இழுத்தால், பிசிறு இருக்கும் இடத்தில் பஞ்சின் இழை மாட்டிக்கொண்டு நிற்கும். அப்படி மாட்டினால் துடைப்பதால் பயனில்லை. அது பட்டறை வேலை.

இவையெல்லாம் சரியாக இருந்தால் சுத்தம் செய்யலாம். ரவை இல்லை என்பதை உறுதி செய்து, மேகசீன் இருந்தால் கழற்றி, வாயை ஆளில்லாத திசையில் வைத்துக்கொள்ளுங்கள். வாயில் ஒலியடக்கி இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் தடுப்புகளில் துணி சிக்கினால் எடுப்பது பெரும்பாடு. மடக்கும் துப்பாக்கியில், ஸ்பிரிங் இறுகத் தொடங்குவதற்கு முன்பே நின்று, பின்வாய் தெரியும் அளவுக்கு மட்டும் குழலை மடக்கினால் போதும். ஸ்பிரிங்கை ஏற்றிய நிலையில் குழல் திறந்திருக்கும்போது விசை தட்டுப்பட்டால் குழல் அறைந்து மூடும். இடையில் இருக்கும் விரல் போய்விடும். நெம்புகோல் வைத்த துப்பாக்கிகளிலும் இதே அபாயம் உண்டு என்பதால், ஏற்ற வேண்டிய கட்டாயம் இருந்தால் நெம்புகோலை ஒரு கையால் விடாமல் பிடித்திருங்கள்.

கருவிகளில் எனக்குப் பிடித்தது தடித்த நைலான் நரம்புதான். தூண்டிலுக்குப் பயன்படும் நரம்பே போதும். குழலின் நீளத்தைப் போல இரண்டரை மடங்கு வெட்டி, இரண்டாக மடித்து, மடிந்த முனையைக் குழல்வாய் வழியாக நுழைத்துப் பின்வாயில் வெளியே எடுங்கள். ரவை வைக்கும் பள்ளத்தில் அது சிறிய வளையமாகத் தலைகாட்டும். பழைய பருத்திச் சட்டைத் துணியில் இரண்டு செ.மீ. சதுரம் வெட்டி, அந்த வளையத்தில் பாதி வரை கோத்து, வாய்ப்பக்கமிருந்து நிதானமாக ஒரே மூச்சில் இழுங்கள். துணி இலேசான எதிர்ப்போடு வர வேண்டும். பலம் கொடுத்து இழுக்க வேண்டியிருந்தால் துணி பெரிது; நரம்பு அறுந்து துணி நடுக்குழலில் நின்றுவிடும் முன்பே பின்னுக்கு இழுத்துச் சிறிதாக்குங்கள். இந்த முறையில் அழுக்கு ரவை போகும் திசையிலேயே வெளியேறுகிறது, விசை இருக்கும் பக்கம் எதுவும் தள்ளப்படுவதில்லை, வாய் விளிம்பில் உலோகம் எதுவும் படுவதில்லை.

கம்பிதான் வேண்டும் என்பவர்கள் பிளாஸ்டிக் உறையிட்ட கம்பியைப் பின்வாய் வழியாக மட்டும் விடுங்கள். இரும்பு பிரஷ் எக்காலத்திலும் கூடாது. வெண்கல பிரஷ், திட்டாகக் கெட்டித்துப்போன ஈயத்துக்கு மட்டும், அதுவும் நாலைந்து தடவை.

முதல் துணியைக் காய்ந்ததாகவே இழுங்கள். அது சாம்பலும் கறுப்புமாக வரும். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் ஈயச் சிம்புகள் மினுங்கும். அடுத்ததில் காற்றுத் துப்பாக்கிக்கு உகந்தது என்று குறிப்பிட்டு விற்கும் திரவத்தை இரண்டு சொட்டு மட்டும் விட்டு இழுத்து, பத்து நிமிடம் பொறுத்து, பிறகு காய்ந்த துணிகளாக இழுத்துக்கொண்டே வாருங்கள். துணி வெள்ளைவெளேரென்று வரும் வரை இழுப்பது வீண் பிடிவாதம். வெளிர் சாம்பல் நிறத்தில் இரண்டு துணிகள் அடுத்தடுத்து வந்தால் நிறுத்திக்கொள்ளலாம். செம்புக் கறையைக் கரைக்கும் அம்மோனியா கலந்த திரவங்களுக்கு இங்கே வேலையே இல்லை. குழலில் செம்பு கிடையாது, சீல் வளையங்கள் கெடுவதுதான் மிச்சம்.

ஈர வேலை நடக்கும்போதெல்லாம் குழல்வாய் தாழ்ந்திருக்கட்டும். ஆரம்ப நாட்களில் நான் துப்பாக்கியை வாய் மேலாகச் சாய்த்து வைத்து, பெட்ரோலிய எண்ணெயைத் தாராளமாக விட்டேன். அது காற்றுவழி வழியாக அறைக்குள் இறங்கியிருக்கிறது. மறுநாள் முதல் விசைக்கு, வெடிமருந்தே இல்லாத துப்பாக்கி வெடித்தது போலச் சத்தம் எழுப்பி, வாயிலிருந்து நீலப் புகை விட்டது. ஸ்பிரிங் பிஸ்டன் காற்றை நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் நசுக்கும்போது எழும் வெப்பம் எண்ணெய்த் திவலையைப் பற்றவைத்துவிடும்; டீசல் எஞ்சினில் நடப்பதும் இதுதான். ஓரிரு முறை நடந்தாலே பிஸ்டன் சீல் கருகவும் ஸ்பிரிங் உடையவும் வாய்ப்புண்டு. முன்கூட்டியே காற்று நிரப்பிய சிலிண்டர் வைத்த துப்பாக்கிகளில் உயரழுத்தக் காற்றோடு பெட்ரோலிய எண்ணெய் சேர்வது இன்னும் ஆபத்து.

அழுத்திய கம்பளி இழையால் ஆன ஃபெல்ட் ரவைகளைச் சுட்டுச் சுத்தம் செய்வது எளிய வழி. ஆனால் ஸ்பிரிங் துப்பாக்கியில் ஒற்றை ஃபெல்ட்டைச் சுடக் கூடாது. எடையில்லாத அது பிஸ்டனுக்கு முன் காற்றுத் தடையை உண்டாக்காததால் பிஸ்டன் சுவரில் மோதும். வெற்றுக் குழலோடு சுடுவதும் ஏறக்குறைய அதேதான்.

அட்டையைக் கேட்ட பிறகே துடைக்க வேண்டும் என்பதற்குப் புதுக் குழல் மட்டும் ஒரு விதிவிலக்கு. துருப் பிடிக்காமலிருக்கத் தொழிற்சாலையில் பூசிய எண்ணெயும், குடைந்த துகளும் உள்ளே இருக்கும் என்பதால், முதல் ரவைக்கு முன்பே மேற்சொன்னபடி துடைத்துவிட வேண்டும். மெருகுப் பசை போட்டுத் தேய்க்கும்படி சொல்வோர் உண்டு. ஒரு ரவையைக் கம்பியால் மெல்லத் தள்ளிப் பார்த்து, இடையில் கரடுமுரடாகத் தட்டுப்பட்டால் ஒருமுறை செய்யலாம்; வாயருகே உள்ள இறுக்கத்தைத் தேய்த்துப் போக்கிவிட்டால் அது திரும்பி வராது.

துடைத்த குழல் உடனே நன்றாகச் சுடும் என்று எதிர்பார்க்காதீர்கள். புது இரும்புச் சட்டியைப் பழக்குவது போலக் குழலையும் பழக்க வேண்டும். பழைய படலம் போய்விட்டதால் முதல் சில ரவைகள் வழக்கமான புள்ளியிலிருந்து விலகி விழும். ஸ்கோப்பைத் திருப்பாதீர்கள். எப்போதும் சுடும் அதே ரவையை, அவசரமில்லாமல், இருபது முதல் நாற்பது வரை சுட்டுக்கொண்டே வாருங்கள். சிதறல் குறுகும், குறுகிய கொத்து பழைய இடத்துக்கே நகர்ந்துவரும். ரவையின் வகையை மாற்றினால், குறிப்பாக ஈயத்திலிருந்து தகரக் கலவைக்கு மாறினால், பழக்குவதை மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.

வேலை முடிந்ததும் துணிகளை ஓர் உறையில் கட்டி அப்புறப்படுத்தி, மேசையை ஈரத்துணியால் துடைத்து, சாப்பிடத் தொடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். அந்தச் சாம்பல் தூள் ஈயம். துடைத்த நாளையும், கொத்து பழைய இடத்துக்குத் திரும்ப எத்தனை ரவைகள் ஆயின என்பதையும் ரவை டப்பாவின் மூடியிலேயே எழுதி வைத்திருக்கிறேன். என் 4.5 மி.மீ. துப்பாக்கிக்கு அது முப்பதை ஒட்டியே வருகிறது. ஒருமுறை அறுபதைத் தாண்டியும் சேராதபோது குழலை விட்டுவிட்டுக் கட்டைத் திருகுகளைப் பார்த்தேன், முன் திருகு அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது.