நின்றுபோன வாசிப்பு

ஒரு தடிமனான நாவலின் நூறாவது பக்கத்தில் சிக்கி, மூன்று மாதம் எதையுமே படிக்கவில்லை. அதை முடித்துவிட்டுத்தான் அடுத்தது என்ற பிடிவாதம்தான் காரணம். சரி, கிடக்கட்டும் என்று மே மாதம் அதை அலமாரியில் வைத்துவிட்டேன். காட்பாடியிலிருந்து ரயிலில் போகும்போது கட்டுரை, திரும்பும்போது சிறுகதை, இரவு மொட்டை மாடியில் கவிதை என்று மாற்றி மாற்றிப் படித்தேன்.

என்னை மறுபடி இழுத்துப் பிடித்தது வேலூர்ப் புரட்சி பற்றிய ஒரு நூல். 1806 ஜூலை 10 என்று பள்ளியில் மனப்பாடம் செய்ததோடு சரி. புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறிக்கும் காதணிக்கும் தடை என்று சிப்பாய்களின் மனம் கொதித்த கதையைப் படித்ததும், அந்த ஞாயிற்றுக்கிழமையே கோட்டைக்குப் போனேன். அகழி ஓரம் உட்கார்ந்து அதே அத்தியாயத்தை இன்னொரு முறை படித்தேன். தினமும் பஸ்ஸில் கடக்கிற மதில்தான். அன்று கல் கல்லாகப் பார்த்தேன்.

அப்புறம் வானியல். ஜவ்வாது மலையில், காவலூரில் இருக்கும் 2.3 மீட்டர் தொலைநோக்கிதான் அந்த ஆசையைக் கிளப்பியது. புரியாத பக்கத்தைத் தாண்டிப் போகலாம் என்று பழகியது அதில்தான்.

மாதக் கடைசியில் ஐந்து புத்தகம் முடிந்திருந்தது. அந்த நாவலை மறுபடி எடுத்திருக்கிறேன். இப்போது 240-ஆம் பக்கம்.