காலேஜ் பட்டியல் போடும் முன்

பொறியியல் கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் போடும்போது "பிரெண்டு அங்கதான் சேர்றான்", "பஸ் வீட்டு வாசலுக்கே வருது" என்பதெல்லாம்தான் பல பேருக்குக் காரணம். பஸ் காரணத்தை நான் குறை சொல்ல மாட்டேன், தினமும் மூன்று மணி நேரம் பயணத்திலேயே போனால் படிப்பு எங்கே ஏறும்? ஆனால் கல்லூரி வாசலில் தொங்கும் நாக் (NAAC) பேனரைப் பார்த்து மயங்க வேண்டாம். அது கல்லூரி முழுவதற்குமான தரச்சான்று. என்பிஏ (NBA) எனும் தேசிய அங்கீகார வாரியமோ அங்கீகாரத்தைப் படிப்பு வாரியாகத்தான் தருகிறது என்பதால், நீங்கள் சேரப்போகும் துறைக்கு அது இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். அப்புறம், வேலைவாய்ப்பு பிளக்ஸில் சிரிக்கும் முகங்களை விட்டுவிட்டு, சாயங்காலம் கல்லூரி விடும் நேரத்தில் எதிர் டீக்கடையில் போய் நில்லுங்கள். மூன்றாம் வருடப் பையன்களிடம் "லேப்ல ஒரு சிஸ்டத்துக்கு எத்தனை பேர்?" என்று கேளுங்கள், மீதியை அவர்களே கொட்டிவிடுவார்கள்.